“எவ்வளவு?” “எத்தனை தடவை?” – யப்பான் மொழி படிக்கும் நம்ம பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பாடம்



பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கங்களில் சாதாரண தரம், உயர்தரம் முடித்த பிள்ளைகள் பலர் இப்போது யப்பான் மொழி வகுப்புக்குப் போகிறார்கள். காலையில் பெரட்டுக்குப் போகிற தாய்க்கும், ஸ்டோருக்குப் போகிற தகப்பனுக்கும், பிள்ளை என்னதான் படிக்கிறது என்று விளங்குவதில்லை. “ஏதோ யப்பான் பாஷையாம், ரொம்பக் கஷ்டமாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆகவே இந்த இதழில் அந்த மொழியின் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்து விளக்கலாம் என்று நினைக்கிறேன். படிக்கிற பிள்ளைகளுக்கும் உதவும். பெற்றோரும் கூட உட்கார்ந்து கேட்கலாம்.

முதலில் இந்தப் படிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2019 ஏப்ரலில் யப்பான் அரசாங்கம், ஆள் பற்றாக்குறை உள்ள தொழில்களுக்கு வெளிநாட்டவரை எடுக்கும் புதிய விசா முறையைத் தொடங்கியது. அதே வருடம் ஜூன் மாதத்தில் இலங்கையும் யப்பானும் இது விடயமாக ஒப்பந்தம் செய்துகொண்டன. இந்த முறையில் போக வயது 18 ஆகியிருக்க வேண்டும். தொழில் பரீட்சை ஒன்று, மொழிப் பரீட்சை ஒன்று, இரண்டும் சித்தியடைய வேண்டும். மொழிக்கு, என்-4 எனப்படும் தரத்தில் சித்தி வேண்டும். அல்லது கணினியில் 60 நிமிடம் எழுதும் அடிப்படைப் பரீட்சையில் 250க்கு 200 புள்ளி எடுக்க வேண்டும். வயோதிபர் பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த வேலைக்கான மொழிப் பரீட்சை வேறாக ஒன்று உண்டு.

இந்தப் பரீட்சைகள் எல்லாவற்றிலும், அதற்குப் பிறகு வேலைத் தலத்திலும், ஓயாமல் வருகிற சின்னச் சொற்கள் சில இருக்கின்றன. “ரொம்ப”, “கொஞ்சம்”, “அவ்வளவா”, “சுத்தமா”, “எப்பவும்”, “அப்பப்ப”, “எப்பவாச்சும்” என்று நாம் சொல்கிறோமே, அவைதான். எவ்வளவு என்பதையும் எத்தனை தடவை என்பதையும் காட்டும் சொற்கள். யப்பான் மொழியில் இந்த வகைச் சொல்லுக்கு “ஃபுகுஷி” என்று பெயர். நாம் செய்கிற நலன்புரி வேலைக்கும் அங்கே “ஃபுகுஷி” என்றுதான் பெயர். எழுதும் எழுத்து வேறு, அர்த்தம் வேறு. ஆனாலும் பெயர் பொருத்தம் பாருங்கள்!

சின்னச் சொல், பெரிய பொறுப்பு

“கால் வலிக்குது” என்று டிஸ்பென்சரிக்குப் போய்ச் சொன்னால் போதுமா? “ரொம்ப வலிக்குதா, கொஞ்சம் வலிக்குதா? எப்பவும் வலிக்குதா, மலை ஏறும்போது மட்டுமா?” என்றுதானே அடுத்த கேள்வி வரும். மருந்து அந்தப் பதிலைப் பொறுத்துத்தான்.

நம்ம பிள்ளை யப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். முறை மாறும்போது அடுத்து வருகிறவரிடம், இந்தப் பாட்டி சாப்பிட்டாரா, எவ்வளவு சாப்பிட்டார், இரவில் எத்தனை தடவை எழுந்தார், அடிக்கடி விழுகிறாரா என்று சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும். “சாப்பிட்டார்”, “விழுந்தார்” என்ற வினைச்சொல்லை எல்லோரும் முதலில் படித்துவிடுவார்கள். அதன் அளவைச் சொல்லும் சின்னச் சொல்லில்தான் கோளாறு வரும். அதில் ஒரு பிசகு நடந்தால், சாப்பிடாத பாட்டி சாப்பிட்டதாகக் கொப்பியில் ஏறிவிடும்.

நம்ம தமிழ் இதற்குத் தடை இல்லை, உதவி

நம்ம பக்கத்து வகுப்புகளில் பாடம் பெரும்பாலும் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் விளக்கப்படுகிறது. அதனால் தமிழ்ப் பிள்ளை யப்பான் சொல்லைக் கேட்டு, அதை ஆங்கிலமாக்கி, பிறகு தமிழாக்கி, அப்புறம்தான் விளங்கிக்கொள்கிறது. கொழுந்து நிறுக்க நேர்ப்பாதை இருக்கும்போது மலையைச் சுற்றிப் போகிற மாதிரி இது.

யப்பான் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வரும். தமிழிலும் அப்படித்தான். ஆங்கிலத்தில் முன்னால் வரும் “இல்”, “க்கு”, “இருந்து” மாதிரியான ஒட்டுகள் யப்பானில் சொல்லுக்குப் பின்னால் வரும். தமிழிலும் அப்படித்தான். சிங்களமும் இதே ஒழுங்குதான் என்பதால் சிங்களத்தில் கேட்டாலும் நமக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை. ஆங்கிலத்தின் வழியாகப் போகும்போதுதான் வாக்கியம் தலைகீழாகிறது.

தமிழும் யப்பான் மொழியும் ஒரே தாய் பெற்ற பிள்ளைகள் என்றே சொன்ன அறிஞர் ஒருவர் உண்டு. அவர் தோக்கியோவில் கக்குஷூயின் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த சுசுமு ஓனோ. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் அருணாசலம் சண்முகதாசும் அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தார்கள். ஓனோ 2008இல் காலமானார். அவருடைய கருத்தை மொழியியல் அறிஞர்கள் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்ளவில்லை. நமக்கு அந்த வழக்கு தேவையில்லை. இரத்த உறவு இருக்கோ இல்லையோ, வாக்கியம் கட்டும் முறை ஒன்றாக இருக்கிறது. படிக்கிற பிள்ளைக்கு அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். லயத்தில் பேசுகிற தமிழை வெளியில் சிலர் கேலி செய்வதால் நம்ம பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். “அம்புட்டா வலிக்கல”, “சுத்தமா தெரியல” என்று பேசுகிற அந்தத் தமிழ்தான் இந்தப் பாடத்துக்குச் சரியான திறவுகோல். எப்படி என்று கீழே பாருங்கள்.

உச்சரிப்பு பற்றி ஒரு வார்த்தை: யப்பான் ஓசையைத் தமிழ் எழுத்தில் சரியாக எழுத முடியாது. இங்கே எழுதியிருப்பது ஒரு கைத்தடி மட்டும். “ச்சொத்தோ”, “மொத்தோ”, “மெத்தானி”, “யுக்குரி”, “மத்தெ”, “இக்காய்” என்ற சொற்களில் மட்டும் இரட்டை எழுத்தை நன்றாக அழுத்தி நின்று சொல்ல வேண்டும். மற்றச் சொற்களில் இரட்டை எழுத்து வந்தால் வல்லின ஓசைக்காகப் போட்டது, அழுத்த வேண்டாம். “தெஸ்” என்பதில் வரும் “தெ”, நாம் “தெய்வம்” என்று பேசும்போது வருகிற மென்மையான “தெ”. ஹிரகானா எழுத்தைப் படித்துக்கொண்டு, கைத்தொலைபேசியில் சரியான ஓசையைக் கேட்டுப் பழகுவதே நல்லது.

“எவ்வளவு?” என்பதற்கான சொற்கள்

தொத்தெமோ – ரொம்ப
ஸுகோஷி – கொஞ்சம்
ச்சொத்தோ – கொஞ்சம் (பேச்சு வழக்கில்)
அமரி – அவ்வளவா, அம்புட்டா (கடைசியில் “இல்லை” வர வேண்டும்)
ஜென்ஜென் – சுத்தமா, கொஞ்சங்கூட (கடைசியில் “இல்லை” வர வேண்டும்)

கால் வலியை வைத்தே பழகுவோம். “அஷி” என்றால் கால். “இத்தாய்” என்றால் வலிக்கிறது.

அஷிகா தொத்தெமோ இத்தாய் தெஸ் – கால் ரொம்ப வலிக்குது.
அஷிகா ஸுகோஷி இத்தாய் தெஸ் – கால் கொஞ்சம் வலிக்குது.
அஷிகா அமரி இத்தாக்குநாய் தெஸ் – கால் அம்புட்டா வலிக்கல.
அஷிகா ஜென்ஜென் இத்தாக்குநாய் தெஸ் – கால் சுத்தமா வலிக்கல.

ஒவ்வொரு சொல்லையும் மேலும் கீழும் பொருத்திப் பாருங்கள். யப்பான் வாக்கியம் எந்த ஒழுங்கில் நிற்கிறதோ அதே ஒழுங்கில் தமிழும் நிற்கிறது. “இத்தாய்” என்பது “இத்தாக்குநாய்” ஆவது, “வலிக்குது” என்பது “வலிக்கல” ஆவது மாதிரி.

நம்ம தேயிலையை வைத்தும் ஒரு வாக்கியம் சொல்கிறேன். ஜூலை முதல் செப்டம்பர் வரை காய்ந்த காத்து அடிக்கும் காலத்தில் எடுக்கிற ஊவாக் கொழுந்துக்கு யப்பானில் நல்ல பெயர். உலகத்தின் மூன்று பெரிய தேயிலைகள் என்று அவர்கள் வழக்கமாகச் சொல்கிற வரிசையில் இந்தியாவின் டார்ஜிலிங், சீனாவின் கீமுன் ஆகியவற்றோடு நம்ம ஊவாவும் இருக்கிறது. “ஊபா” என்பார்கள். “கோச்சா” என்றால் நம்ம சாதாரணத் தேயிலை. “ஊபா நோ கோச்சா வா தொத்தெமோ ஒய்ஷீ தெஸ்” – ஊவாத் தேயிலை ரொம்ப ருசி. நேர்முகப் பரீட்சையில் “எந்த ஊர்?” என்று கேட்டால், ஊர் பெயரோடு இந்த வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லலாம். கேட்கிறவருக்கு நம்ம மலை உடனே விளங்கும்.

“எத்தனை தடவை?” என்பதற்கான சொற்கள்

பெரட்டுக்கு வருகிற ஆட்களை நினைத்துக்கொண்டு மேலிருந்து கீழாக இறங்குவோம்.

இத்ஸுமோ – எப்பவும். ஒரு நாளும் பேர் விடாதவர்.
தைத்தே – பெரும்பாலும். ஏதாவது அவசரம் என்றால்தான் நிற்பார்.
யொக்கு – அடிக்கடி.
தொக்கிதொக்கி – அப்பப்ப, இடைக்கிடை.
தமானி – எப்பவாச்சும் ஒருக்கா.
மெத்தானி – ரொம்ப அபூர்வமா (கடைசியில் “இல்லை” வர வேண்டும்).
ஜென்ஜென் – ஒருபோதும், சுத்தமா (கடைசியில் “இல்லை” வர வேண்டும்).

“தொக்கி” என்றால் நேரம். அதை இரண்டு தடவை சொன்னால் “தொக்கிதொக்கி”, அதாவது அப்பப்ப. நாமும் “அப்ப” என்பதை இரட்டித்துத்தானே “அப்பப்ப” என்கிறோம்? இரட்டிக்கும்போது நடுவில் வருகிற “தொ” மெலிந்துவிடும். அதை எழுதும்போதுகூட, ஒரு எழுத்தை எழுதிவிட்டு, பக்கத்தில் “மறுபடியும் அதுவே” என்று காட்டும் ஒரு குறியைத்தான் போடுவார்கள்.

“யொக்கு” என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. “அடிக்கடி” என்றும் வரும், “நல்லா” என்றும் வரும். “யொக்கு கொரோபிமாஸ்” என்றால் அடிக்கடி விழுகிறார். “யொக்கு வக்கரிமாஸ்” என்றால் நல்லா விளங்குது. கூட வருகிற வினையைப் பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய வேண்டும். யாரும் “நல்லா விழுகிறார்” என்று சொல்லமாட்டார்கள் அல்லவா?

“தமானி”யும் “மெத்தானி”யும் காதுக்கு ஒரே மாதிரிக் கேட்கும். இரண்டையும் குழப்பாதீர்கள். “தமானி” வந்தால் வினை சாதாரணமாக முடியும்: எப்பவாச்சும் சாப்பிடுவேன். “மெத்தானி” வந்தால் “இல்லை” என்றுதான் முடியும்: அபூர்வமாகத்தான், அநேகமாகச் சாப்பிடுவதே இல்லை.

கடைசிச் சொல் வரும் வரை பொறுங்கள்

இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி இதுதான். அமரி, ஜென்ஜென், மெத்தானி மூன்றும் “இல்லை” என்ற முடிவைக் கட்டாயம் கேட்கும் சொற்கள். ஆங்கிலம் வழியாகப் படிக்கும் பிள்ளைகள் இதை ஒரு விதியாக மனப்பாடம் செய்துவிட்டு, பேசும்போது மறந்துவிடுகிறார்கள். “ஜென்ஜென் வக்கரிமாஸ்” என்று சொல்லிவிடுகிறார்கள்.

நமக்கு மனப்பாடம் தேவையில்லை. “எனக்கு அது அம்புட்டா புடிக்கும்” என்று நம்ம லயத்தில் யாராவது சொல்வார்களா? “கொஞ்சங்கூட தெரியும்” என்பார்களா? காது ஏற்காது. “அம்புட்டா” என்று தொடங்கினாலே வாய் தானாக “புடிக்காது” என்று முடிக்கும். சிங்களத்திலும் “எச்சர ஹொந்த நே” என்றுதான் சொல்வார்கள். “அமரி” என்று கேட்டவுடன் மனதில் “அம்புட்டா” என்று வையுங்கள். “ஜென்ஜென்” என்று கேட்டவுடன் “கொஞ்சங்கூட” என்று வையுங்கள். முடிவு தானாகச் சரியாக வரும்.

நிஹோங்கோகா அமரி வக்கரிமாஸென் – யப்பான் பாஷை அம்புட்டா விளங்காது.
நிஹோங்கோகா ஜென்ஜென் வக்கரிமாஸென் – யப்பான் பாஷை கொஞ்சங்கூட விளங்காது.

பரீட்சையில் கேட்டல் பகுதிக்கும் இது உதவும். பேசுகிறவர் வாயிலிருந்து “அமரி” வந்தவுடனே, வாக்கியம் “இல்லை” என்றுதான் முடியப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். கடைசி எழுத்து காதில் சரியாக விழாவிட்டாலும் விடை தப்பாது. யப்பான் இளவட்டங்கள் தங்களுக்குள் பேசும்போது “ஜென்ஜென்” என்பதை நல்ல விடயத்துக்கும் பாவிப்பது உண்டு. தெருவில் கேட்டால் ஆச்சரியப்பட வேண்டாம். பரீட்சைக்கும் வேலைக்கும் “இல்லை” என்று முடிப்பதே சரி.

இனி ஆபத்தான ஒரு சொல். “ஹொத்தொந்தோ” – கிட்டத்தட்ட, அநேகமா. இது இரண்டு பக்கமும் போகும்.

ஹொத்தொந்தோ தபெமாஷ்த்தா – கிட்டத்தட்ட எல்லாத்தையும் சாப்பிட்டார்.
ஹொத்தொந்தோ தபெமாஸென் தெஷ்த்தா – கிட்டத்தட்ட ஒன்னுமே சாப்பிடல.

முதல் சொல் ஒன்றுதான். கடைசியில் வரும் சின்ன வித்தியாசம் விடயத்தைத் தலைகீழாக மாற்றிவிடுகிறது. முதலாவதில் பாட்டி நலமாக இருக்கிறார். இரண்டாவதில் பாட்டிக்கு ஏதோ சுகமில்லை, தாதிக்கு உடனே சொல்ல வேண்டும். தராசில் முள் அசைவது நின்ற பிறகுதான் கொழுந்தின் நிறை தெரியும். அது மாதிரி யப்பான் வாக்கியத்தில் கடைசிச் சொல் வந்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். பாதியில் தலையாட்டிவிட்டுப் போகக் கூடாது. விளங்காவிட்டால் வெட்கப்படாமல் இப்படிக் கேளுங்கள்: “மொத்தோ யுக்குரி ஹனஷ்தெ குதாஸாய்” – இன்னும் மெதுவாப் பேசுங்க. “மொத்தோ” என்றால் இன்னும், கூடுதலாக. முதல் நாளே மனப்பாடம் செய்ய வேண்டிய வாக்கியம் இது.

தமிழ் காலை வாரும் இடங்கள்

தமிழ் உதவும் என்று சொன்னேன். உதவாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும்.

1. நம்ம “ரொம்ப” என்ற சொல் இரண்டு வேலை செய்யும். “ரொம்ப ருசி” என்போம், “ரொம்பச் சாப்பிட்டேன்” என்றும் சொல்வோம். யப்பானில் இதற்கு இரண்டு ஆள். தன்மையைச் சொல்ல “தொத்தெமோ”. அளவு அல்லது எண்ணிக்கையைச் சொல்ல “தக்குஸான்”. “தக்குஸான் தபெமாஷ்த்தா” – நிறையச் சாப்பிட்டார். இங்கே “தொத்தெமோ” போட்டால் தப்பு. சுலபமான வழி: தமிழில் “நிறைய” என்று மாற்றிச் சொல்ல முடிந்தால் “தக்குஸான்”, முடியாவிட்டால் “தொத்தெமோ”.

2. நாம் “ரொம்ப நல்லா இல்ல” என்று சொல்வோம். யப்பானில் “தொத்தெமோ” போட்டு இப்படி “இல்லை” என்று முடிப்பது இயல்பு இல்லை. அந்த இடத்தில் “அமரி” வர வேண்டும்.

3. “எல்லாத்தையும் விட இங்கதான் வலி” என்று சொல்ல “தொத்தெமோ” போதாது. “இச்சிபான்” வேண்டும். இச்சிபான் என்றால் முதலாம் இடம். “தொக்கோகா இச்சிபான் இத்தாய் தெஸ்கா?” – எங்க கூடுதலா வலிக்குது?

4. “ச்சொத்தோ” என்ற சொல் நம்ம “கொஞ்சம்” மாதிரியே மரியாதைக்கும் வரும். “ச்சொத்தோ மத்தெ குதாஸாய்” – கொஞ்சம் பொறுங்க. ஆனால் ஒருவரை ஒன்றுக்குக் கூப்பிடும்போது அவர் “ச்சொத்தோ...” என்று இழுத்து நிறுத்தினால், அது “முடியாது” என்பதை மரியாதையாகச் சொல்வது. நம்ம ஊரிலும் “நாளைக்குக் கொஞ்சம்...” என்று இழுத்தால் வரமாட்டார் என்று விளங்கிக்கொள்வோமே, அது மாதிரி. மறுபடி வற்புறுத்தக் கூடாது. அதே நேரம் ஒரு முதியவர் “ச்சொத்தோ இத்தாய்” என்று சொன்னால், கொஞ்சம்தானே என்று விட்டுவிடவும் கூடாது. முகத்தைப் பாருங்கள், எங்கே, எப்போதிருந்து என்று கேளுங்கள்.

கணக்காகச் சொல்லும் முறை

“அடிக்கடி”, “அப்பப்ப” என்பது ஆளுக்கு ஆள் மாறும். மருந்து விடயத்தில் எண்ணிக்கை வேண்டும். இங்கே தமிழும் யப்பானும் கை கோத்துக்கொண்டு போவதைப் பாருங்கள்.

குஸுரி ஓ இச்சிநிச்சி நி ஸன்-காய் நொமிமாஸ்.

குஸுரி – மருந்து. ஓ – ஐ. இச்சிநிச்சி – ஒரு நாள். நி – க்கு. ஸன்-காய் – மூணு தடவை. நொமிமாஸ் – குடிக்கிறேன். சேர்த்துச் சொன்னால், “மருந்தை ஒரு நாளைக்கு மூணு தடவை குடிக்கிறேன்.” நம்ம ஆட்கள் மருந்து விழுங்குவதைக் “குடிக்கிறது” என்பார்கள். யப்பான்காரரும் அப்படித்தான். குளிசையாக இருந்தாலும் “குடிக்கிறேன்” என்பதே அவர்கள் பேச்சு.

கிழமைக்கு ஒரு தடவை என்றால் “ஷூ நி இக்காய்”. எத்தனை தடவை என்று கேட்க “நன்-காய்”. ஒவ்வொரு நாளும் என்றால் “மைனிச்சி”. இந்த நான்கையும் தெரிந்துகொண்டால், சாப்பாடு, மருந்து, குளியல், கழிப்பறை என்று பராமரிப்பு வேலையில் வருகிற கேள்விகளில் பெரும்பகுதிக்குப் பதில் சொல்லலாம்.

வீட்டில் பழகும் முறை

இலங்கையில் பலரும் பாவிக்கிற “மின்னா நோ நிஹோங்கோ” என்ற பாடப்புத்தகத்தில் தொத்தெமோ, அமரி என்பவை 8ஆம் பாடத்திலும், தக்குஸான், ஸுகோஷி, ஜென்ஜென், “யொக்கு வக்கரிமாஸ்” போன்றவை 9ஆம் பாடத்திலும் வருகின்றன. வகுப்பு அந்தப் பாடங்களைத் தாண்டிப் போய்விட்டாலும் திரும்பிப் போய்ப் படியுங்கள். பிறகு இப்படிச் செய்யலாம்:

• ஒரு கொப்பியில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு பக்கத்தில் சாதாரணமாக முடிகிற சொற்கள். மற்றப் பக்கத்தில் “இல்லை” என்று முடிகிற சொற்கள். ஹொத்தொந்தோவை இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள்.

• சொல்லைத் தனியாக எழுதிப் படிக்க வேண்டாம். எப்பவும் முழு வாக்கியமாக, கடைசி வினையோடு சேர்த்தே எழுதுங்கள்.

• ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும். உங்கள் வீட்டில் உண்மையாக நடந்ததைச் சொல்லுங்கள். “அப்பா மீன் அம்புட்டா சாப்பிடமாட்டார்.” “பாட்டி எப்பவும் வெள்ளனே எழும்பும்.” “தம்பி எப்பவாச்சும்தான் படிப்பான்.” முதலில் நம்ம தமிழில் சொல்லி, பிறகு யப்பானில் சொல்லுங்கள்.

• பெற்றோரே, உங்களுக்கு யப்பான் மொழி தெரியத் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளையிடம் தமிழில் கேளுங்கள்: “இன்னைக்கு எவ்வளவு சாப்பிட்ட?” “கிழமைக்கு எத்தனை தடவை வகுப்பு?” பிள்ளை யப்பானில் பதில் சொல்லட்டும். பிறகு அதையே தமிழில் சொல்லச் சொல்லுங்கள். “அம்புட்டா” என்று தொடங்கி “புடிக்கும்” என்று முடித்தால் தப்பு என்று உங்கள் காதே சொல்லிவிடும். இந்த ஒரு பாடத்துக்கு நீங்களும் வாத்தியார்தான்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை

நகையை அடகு வைத்து, சேமலாப நிதிக் காசை நம்பிக் கடன் வாங்கி, பிள்ளையை வகுப்புக்கு அனுப்புகிற குடும்பங்கள் உண்டு. ஆகவே இரண்டு விடயத்தை மறக்க வேண்டாம். பரீட்சை சித்தியடையாமல் இந்த விசாவில் அனுப்பிவிடுவேன் என்று சொல்கிறவரிடம் காசு கொடுக்க வேண்டாம். ஏஜென்சி எதுவானாலும் அதற்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று முதலில் பணியகத்தில் கேளுங்கள். 1989 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் கேட்கலாம். கொடுக்கிற ஒவ்வொரு சதத்துக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். இந்த விசாவின் முதல் நிலையில் பொதுவாக மொத்தம் 5 வருடம் வரைதான் இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பதையும் வீட்டில் எல்லோரும் பேசி முடிவெடுங்கள்.

பிள்ளைகளே, யப்பான் மொழி சுலபம் என்று நான் சொல்லவில்லை. எழுத்து கஷ்டம், நிறையப் படிக்க வேண்டும். ஆனால் “எவ்வளவு, எத்தனை தடவை” என்ற இந்தப் பகுதி உங்களுக்கு ஏற்கனவே பாதி தெரியும். வகுப்பில் விளங்காமல் போனால், இது நமக்கு வராது என்று கொப்பியை மூடிவிடாதீர்கள். உங்க ஆத்தா பேசுகிற தமிழில் அதை ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். அப்படியும் விளங்காத இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடம் கேளுங்கள். எல்லோரும் நல்லபடியாகச் சித்தியடைய வாழ்த்துகிறேன்.

– தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்